மியூர் வுட்ஸ் காடும் கோல்டன் கேட் பாலமும் ஒரே நாளில்: குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்கும் லீவு, ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது, சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் எங்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் எப்போதும் இதுதான்: காலையில் மியூர் வுட்ஸ், மாலையில் கோல்டன் கேட் பாலம், வேறு எதுவும் வேண்டாம். அதற்கு அடுத்து வரும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் எல்லாவற்றுக்கும் இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

ஒரே நாளில் இரண்டையும் பார்க்க முடியுமா?

தாராளமாக முடியும். பாலத்தைத் தாண்டி வடக்கே சுமார் 12 மைல் போனால் காடு வந்துவிடும். கடைசி சில மைல்கள் மலைப்பாதை என்பதால் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் ஆகும். காட்டுக்கு மூன்று மணி நேரம், பாலத்துக்கு இரண்டு மணி நேரம், நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் யாரும் களைத்துப்போகாமல் வீடு திரும்பலாம்.

ஆனால் "அவ்வளவு தூரம் போகிறோமே, அப்படியே லொம்பார்ட் தெரு, பியர் 39, ட்வின் பீக்ஸ் எல்லாம் முடித்துவிடலாம்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த இடங்கள் எங்கும் ஓடிப்போகாது. காட்டைப் பத்து நிமிடத்தில் சுற்றிவிட்டு ஓடுவதற்கு, போகாமலே இருக்கலாம்.

இந்த இரண்டு இடங்களுக்கும் இடையே ஒரு பழைய தொடர்பும் உண்டு. பாலம் வருவதற்கு முன்னால் நகரத்திலிருந்து காட்டுக்கு வர வேண்டுமென்றால் படகில் வடகரை ஊரான சாசலிட்டோவுக்கு வந்து அங்கிருந்து ரயில் பிடிக்க வேண்டும். மவுண்ட் டமல்பைஸ் மலையில் ஓடிய அந்த வளைந்து நெளிந்த ரயில் 1930-இல் நின்றுபோனது. 1937-இல் பாலம் திறந்ததும் காட்டுக்கு வருகிறவர்கள் எண்ணிக்கை மூன்று மடங்காகி 1,80,000-ஐத் தாண்டியது. இன்று முன்பதிவு இல்லாமல் உள்ளே போக முடியாத அளவுக்குக் கூட்டம் வருவதன் தொடக்கம் அந்தப் பாலம்தான்.

எதை முதலில் பார்ப்பது?

காடு. காலை 8 மணிக்குத் திறக்கிறார்கள், முடிந்தவரை அந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே இருங்கள். பத்தரைக்கு மேல் பேருந்துகள் வந்து நிற்கத் தொடங்கிவிடும், அதற்குப் பிறகு மரங்களைவிட மனிதர்கள்தான் அதிகம் கண்ணில் படுவார்கள். ஓடையின் சத்தமும் எங்கோ ஒரு மரங்கொத்தி தட்டும் சத்தமும் மட்டும் கேட்கும் காட்டைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த முதல் ஒரு மணி நேரம்தான் ஒரே வழி.

பாலத்துக்கும் இந்த வரிசையே நல்லது. கோடைக் காலையில் பெரும்பாலும் பாலம் மூடுபனிக்குள் மறைந்திருக்கும், மதியத்துக்கு மேல்தான் விலகும். விலகாத நாட்களும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முன்பதிவு கட்டாயமா? நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாமா?

கட்டாயம். 2018 ஜனவரியிலிருந்து காருக்கு நிறுத்தும் இடமோ அல்லது ஷட்டில் பேருந்தில் இடமோ முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும். அங்கே போய்ப் பணம் கொடுத்து இடம் வாங்க முடியாது, வழியில் சாலையோரத்தில் நிறுத்திவிட்டு நடந்து போகவும் விடமாட்டார்கள். 'கோ மியூர் வுட்ஸ் டாட் காம்' என்ற தளத்தில் பதிவு செய்யலாம். கார் பதிவில் நீங்கள் வந்து சேர வேண்டிய அரை மணி நேர இடைவெளி ஒன்றைத் தேர்ந்தெடுப்பீர்கள். அந்த நேரத்துக்குள் வந்துவிட்டால் போதும், அதன் பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உள்ளே இருக்கலாம். நீண்ட வார இறுதிகளிலும் கோடை விடுமுறையிலும் காலை நேரங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும், பெற்றோர் விமான டிக்கெட் போட்ட கையோடு இதையும் போட்டுவிடுங்கள்.

எவ்வளவு செலவாகும்?

16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 15 டாலர். 15 வயது வரை இலவசம். கார் நிறுத்தக் கட்டணம் தனி, அது பத்து டாலர் அளவில் இருக்கும். தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டு பாஸ் உங்களிடம் இருந்தால் நுழைவுக் கட்டணத்துக்குச் செல்லும், ஆனால் கார் நிறுத்தத்துக்குச் செல்லாது. பாஸ் இருக்கிறதே என்று முன்பதிவு செய்யாமல் போய் நிற்பவர்கள் நிறையப் பேர். கட்டணங்கள் மாறக்கூடியவை, பதிவு செய்யும்போது ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கார் இல்லை. ஊபரில் போய் வரலாமா?

போகலாம், வருவதுதான் கஷ்டம். காட்டிலும் அதைச் சுற்றியுள்ள சாலையிலும் செல்பேசி சிக்னல் கிடையாது. அதனால் திரும்பி வர வண்டி அழைக்க முடியாது, வயதானவர்களோடு அங்கே மாட்டிக்கொள்வது நல்லதல்ல. ஷட்டில் பேருந்துதான் சரியான வழி. வார இறுதிகளிலும் விடுமுறை நாட்களிலும், கோடையில் வார நாட்களிலும்கூட, பாலத்துக்கு வடக்கே உள்ள மரின் கவுண்டியிலிருந்து ஓடும். எந்த இடத்தில் ஏறுவது என்பது பருவத்துக்கு ஏற்ப மாறுவதால் பதிவு செய்யும்போது பார்த்துக்கொள்ளுங்கள். நகரத்திலிருந்து ஃபெரியில் வந்து ஷட்டில் ஏறினால் பிள்ளைகளுக்கு அந்தப் படகுப் பயணமே பாதி சந்தோஷம்.

சிக்னல் இல்லை என்று சொன்னேன் அல்லவா, காரில் வருகிறவர்களும் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பதிவுச் சீட்டை வீட்டிலேயே போனில் இறக்கி வைத்துவிடுங்கள், வரைபடத்தையும் அப்படியே. இரண்டு கார்களில் வந்தால் எங்கே, எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று முன்னாலேயே பேசிவிடுங்கள்.

மலைப்பாதை எப்படி இருக்கும்? அம்மாவுக்குத் தலைசுற்றல், வாந்தி வரும்.

101 நெடுஞ்சாலையை விட்டு இறங்கி நெடுஞ்சாலை 1 வழியாக ஏறத் தொடங்கியதும் வளைவுகள் ஆரம்பித்துவிடும். சாலை குறுகல், எதிரே பேருந்து வந்தால் ஒதுங்கித்தான் போக வேண்டும். அம்மாவை முன் இருக்கையில் உட்கார வையுங்கள், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டாம், ஒரு இஞ்சி மிட்டாய் கையில் இருக்கட்டும். ஓட்டுகிறவர் மெதுவாகப் போனால் போதும், பின்னால் வருகிறவர் அவசரப்பட்டால் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி அவருக்கு வழி விட்டுவிடுங்கள். ஃப்ரீமாண்ட் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் நகரத்துக்குள் நுழையாமல் ரிச்மண்ட் - சான் ரஃபேல் பாலம் வழியாக வந்துவிடலாம். சன்னிவேல், மவுண்டன் வியூ பக்கமென்றால் 280 பிடித்து 19-ஆவது அவென்யூ வழியாகக் கோல்டன் கேட்டைத் தாண்டுவது எளிது.

மரம்தானே, அதில் பார்க்க என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியை வீட்டில் யாராவது ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார்.

இது கடலோர ரெட்வுட் மரங்களின் காடு. உலகத்திலேயே உயரமாக வளரும் மர இனம் இது. மிக உயரமானது கலிஃபோர்னியாவின் வடகோடியில் 380 அடியைத் தொட்டு நிற்கிறது. மியூர் வுட்ஸில் இருப்பதில் உயரமானது 258 அடி. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 200 அடியைத் தாண்டி நிற்கிறதே, இந்த மரம் அதையும் தாண்டும். இங்குள்ள பெரிய மரங்களின் சராசரி வயது 600-லிருந்து 800 வரை, மிக மூத்தது 1,200 ஆண்டுகளாவது இருக்கும்.

நுழைவாயில் பக்கம் விழுந்த ஒரு மரத்தின் குறுக்குவெட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதன் வளையங்களில் வருடங்களைக் குறித்திருப்பார்கள். நடுவில் கி.பி. 909, வெளி ஓரத்தில் மரம் விழுந்த 1930. அந்தப் பலகையில் உள்ள நிகழ்ச்சிகள் நம் ஆட்களுக்கு அவ்வளவு ஒட்டாது, அதனால் நீங்களே சொல்லிக்கொடுங்கள்: இந்த மரம் முளைத்தபோது தஞ்சையில் முதலாம் பராந்தகன் ஆண்டுகொண்டிருந்தான், ராஜராஜன் 1010-இல் பெரிய கோயிலைக் கட்டி முடித்தபோது இந்த மரத்துக்கு நூறு வயது. பிள்ளைகளை அந்த வளையத்தின் மேல் விரல் வைக்கச் சொல்லுங்கள். தாத்தா பாட்டியும் அங்கே நின்றுவிடுவார்கள், நான் பார்த்தவரையில் வயதானவர்களுக்கு இந்தக் காடு மனதில் பதிவது அந்த இடத்தில்தான்.

உள்ளே போனதும் மேலே பார்ப்பதோடு கீழேயும் பாருங்கள். இவ்வளவு பெரிய மரத்துக்கு ஆணிவேர் கிடையாது. வேர்கள் 10 முதல் 13 அடி ஆழம்தான் போகும், ஆனால் பக்கவாட்டில் 60, 80 அடி என்று பரவி அடுத்த மரத்தின் வேரோடு பின்னிக்கொள்ளும். ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. ஆட்கள் மிதித்து மண் இறுகினால் இந்த மேலோட்டமான வேர்களுக்குத் தண்ணீரும் காற்றும் போகாது, அதனால்தான் பெரும்பகுதி பாதையை மரப்பலகையில் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் வேலியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

பட்டையைத் தொட்டுப் பாருங்கள், சில மரங்களில் ஒரு அடி தடிமன் இருக்கும். அதில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய இருப்பதால் பூச்சி அரிக்காது, தீயும் எளிதில் பிடிக்காது. அடிமரம் உள்ளே கருகிக் குகை மாதிரி ஆன பின்னும் மேலே பச்சையாகத் தழைத்து நிற்கும் மரங்களை இங்கே பார்க்கலாம். இன்னொன்று, இங்கே கோடையில் மழையே கிடையாது. கடலிலிருந்து வரும் மூடுபனி ஊசி இலைகளில் படிந்து சொட்டுச் சொட்டாக வேருக்கு இறங்குகிறது, ஒரு மரத்துக்கு வேண்டிய தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு வரை இப்படிக் கிடைத்துவிடும். பாலத்தை மறைக்கிறதே என்று நாம் அலுத்துக்கொள்ளும் அதே பனிதான்.

எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? முழங்கால் வலி உள்ளவர்கள், ஸ்ட்ரோலர் குழந்தைகள் வரலாமா?

வரலாம். முக்கியப் பாதை ரெட்வுட் ஓடையை ஒட்டி ஏறக்குறைய சமதரையில் போகிறது, ஸ்ட்ரோலரும் சக்கர நாற்காலியும் ஓடும். ஓடைக்குக் குறுக்கே சிறு பாலங்கள் உண்டு, அவற்றுக்கு எண் போட்டிருப்பார்கள். 2-ஆம் எண் பாலத்தில் திரும்பினால் அரை மணி நேரச் சுற்று, 3-ஆவதில் ஒரு மணி நேரம், 4-ஆவது வரை போனால் ஒன்றரை மணி நேரம். முடியாதவர்கள் எங்கே வேண்டுமானாலும் திரும்பிவிடலாம் என்பதுதான் இதன் அருமை. திரும்பும்போது மேட்டில் ஏறிப் போகும் ஹில்சைட் பாதையை இளசுகள் எடுக்கலாம், அதில் படியும் வேரும் உண்டு, ஸ்ட்ரோலருக்கு ஆகாது. கழிவறை நுழைவாயில் பக்கம்தான், உள்ளே போவதற்கு முன் எல்லோரையும் போய்வரச் சொல்லுங்கள்.

கார் உள்ளே புகுந்து போகிற மரம் இங்கேதானா?

இல்லை. அது இன்னும் பல மணி நேரம் வடக்கே போக வேண்டிய விஷயம். யோசெமிட்டி பக்கம் நீங்கள் பார்த்த பருத்த மரங்களும் வேறு. அவை ஜயண்ட் செக்கோயா, அடிமரம் பெருத்து மலை மேல் வளர்பவை. இவை கடல்காற்று படும் பள்ளத்தாக்கில் ஒல்லியாக உயரமாக வளர்பவை.

இதை மட்டும் வெட்டாமல் எப்படி விட்டார்கள்?

ஒரு குடும்பம் வாங்கிப் போட்டதால். சான் ஃபிரான்சிஸ்கோவைக் கட்டுவதற்கே இந்தச் சுற்றுவட்டார ரெட்வுட்களில் பெரும்பகுதி போய்விட்டது. இந்தப் பள்ளத்தாக்குக்கு நல்ல வழி இல்லாததால் தப்பித்து நின்றது. 1905-இல் வில்லியம் கென்ட்டும் அவர் மனைவி எலிசபெத்தும் 45,000 டாலர் கொடுத்து 611 ஏக்கர் வாங்கினார்கள். இரண்டு வருடத்தில் ஒரு தண்ணீர்க் கம்பெனி ஓடையை மறித்து அணை கட்ட வேண்டும், நிலத்தைக் கொடு என்று வழக்குப் போட்டது. கென்ட் சாமர்த்தியமாக ஒரு வேலை செய்தார்: காட்டின் முக்கியப் பகுதி 295 ஏக்கரை அமெரிக்க அரசுக்கே தானமாக எழுதிக்கொடுத்துவிட்டார். அரசு நிலத்தின் மேல் கம்பெனியால் கை வைக்க முடியாது. 1908 ஜனவரி 9 அன்று ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் இதைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார்.

ரூஸ்வெல்ட் காட்டுக்குக் கென்ட் பெயரையே வைக்க விரும்பினார். கென்ட் மறுத்துவிட்டார். இயற்கைப் பாதுகாப்புக்காகப் பாடுபட்ட ஜான் மியூரின் பெயர்தான் வேண்டும் என்றார். தனக்கு ஐந்து மகன்கள் இருக்கிறார்கள், அவர்களால் கென்ட் என்ற பெயரைக் காப்பாற்ற முடியாவிட்டால் அது மறந்துபோனாலும் பரவாயில்லை என்று ஜனாதிபதிக்கே எழுதினார். கோயிலில் ஒரு ட்யூப்லைட் கொடுத்தாலும் அதில் பெயர் எழுதிப் பார்த்து வளர்ந்த நமக்கு இதைப் படித்தால் மனது நிறைகிறது. பிள்ளைகளுக்கு வழியிலேயே காரில் சொல்ல வேண்டிய கதை இது.

பிள்ளைகளுக்கு வேறு என்ன காட்டலாம்?

வாழைப்பழ நத்தை என்று சொல்லத்தக்க, ஓடில்லாத மஞ்சள் நத்தை ஒன்று ஈரமான நாட்களில் பாதையோரம் ஊர்ந்து போகும், அதைத் தேடச் சொல்லுங்கள். வட்டமாக நிற்கும் மரக்கூட்டங்களைக் காட்டுங்கள்: நடுவில் இருந்த தாய்மரம் போன பிறகு அதன் அடியிலிருந்தே முளைத்து எழுந்தவை அவை, நம் வாழைக்கன்று மாதிரி. இவ்வளவு பெரிய மரத்தின் விதை தக்காளி விதை அளவுதான் இருக்கும், கூம்பு ஒரு ஆலிவ் பழ அளவு. குளிர்கால மழைக்குப் பிறகு போனால் கடலிலிருந்து முட்டையிட ஓடையில் ஏறிவரும் கோஹோ சால்மன் மீன் கண்ணில் பட வாய்ப்புண்டு. எதையும் பொறுக்கி எடுத்து வரக்கூடாது, கூம்பாக இருந்தாலும் சரி, இலையாக இருந்தாலும் சரி.

கதீட்ரல் க்ரோவ் என்ற பகுதியில் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள், அங்கே அமைதி காக்கச் சொல்லிப் பலகையே உண்டு. ஐக்கிய நாடுகள் சபையை உருவாக்க 1945-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடிய பல நாட்டுப் பிரதிநிதிகள், கூட்டம் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு மறைந்த ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு மே 19 அன்று இதே இடத்தில் அஞ்சலி செலுத்தினார்கள். அதன் நினைவுப் பலகை அங்கே இருக்கிறது.

கட்டுச்சோறு கொண்டுபோகலாமா?

கொண்டுபோங்கள், ஆனால் காட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிடக்கூடாது. சிந்தும் பருக்கைக்குக் காக்கைகள் கூடும், அவை மற்றப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும், அதனால்தான் இந்தத் தடை. உள்ளே ஒரு காபிக்கடை உண்டு, அவசரத்துக்கு ஆகும். நான் சொல்வது, காட்டை முடித்துக்கொண்டு சில மைல் கீழே இறங்கி மியூர் பீச்சுக்குப் போய்விடுங்கள். மேசைகள் உண்டு, கழிவறை உண்டு, கடல் எதிரில். அங்கே புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் பிரிப்பதற்கு ஈடான மதியச் சாப்பாடு எந்த ஹோட்டலிலும் கிடையாது. குப்பையை மட்டும் ஒரு பை கொண்டுவந்து கட்டி எடுத்துவிடுங்கள்.

எந்த மாதம் போகலாம்? என்ன உடுத்துவது?

ஜூலையில் வந்துவிட்டு அரைக்கை சட்டையோடு நடுங்குகிறவர்களைப் பாலத்தின் மேல் எப்போதும் பார்க்கலாம். உள்நாட்டில் வெயில் ஏற ஏறச் சூடான காற்று மேலெழும், அந்த இடத்தை நிரப்பக் கடலின் குளிர்காற்று மலைகளுக்கு நடுவே இருக்கும் ஒரே பெரிய இடைவெளியான கோல்டன் கேட் நீரிணை வழியாகப் பாய்ந்து வரும், கூடவே மூடுபனியும். அதாவது சான் ஹோசேயில் கொளுத்தும் நாளில்தான் பாலம் அதிகம் குளிரும். காட்டுக்குள்ளும் வெயில் தரையைத் தொடாது. பாட்டிக்கு ஸ்வெட்டரும் காதை மூடும் தொப்பியும், எல்லோருக்கும் காற்றுத் தடுக்கும் ஜாக்கெட்டும், வழுக்காத ஷூவும் வேண்டும். புடவையில் வருகிறவர்கள் பாலத்தின் மேல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டியிருக்கும். வானம் தெளிவாக இருக்க செப்டம்பரும் அக்டோபரும் நல்ல மாதங்கள்.

பாலத்தை எங்கிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்?

காட்டிலிருந்து திரும்பும்போது பாலத்துக்கு முன் கடைசி சாசலிட்டோ வெளிவழியில் இறங்கி கான்செல்மன் சாலையில் ஏறினால் பேட்டரி ஸ்பென்சர் வரும். கோபுரம் கிட்டத்தட்டக் கண்ணுக்கு நேரே, பின்னால் முழு நகரம். குடும்பப் படம் எடுக்க இதைவிட நல்ல இடம் இல்லை, ஆனால் கார் நிறுத்த இடம் மிகக் குறைவு, காற்று ஆளைத் தள்ளும். வடமுனையில் உள்ள விஸ்டா பாயிண்ட் அகலமானது, கழிவறை உண்டு, வயதானவர்களுக்கு வசதி. ஆனால் அது வடக்கு நோக்கிப் போகும் பக்கத்தில் இருக்கிறது, எனவே காலையில் போகும்போது பனி இல்லாமல் இருந்தால் அப்போதே ஐந்து நிமிடம் நிறுத்திவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது தெற்கே, பாலத்துக்கு அடியில் இருக்கும் ஃபோர்ட் பாயிண்ட். 1861-இல் கட்டி முடித்த செங்கல் கோட்டை. பாலத்தின் தலைமைப் பொறியாளர் ஜோசஃப் ஸ்ட்ராஸ் அதை இடிக்க மனமில்லாமல் அதன் தலைக்கு மேல் ஒரு எஃகு வளைவு போட்டுப் பாலத்தைத் தாண்டவைத்தார். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால்தான் இந்தப் பாலத்தின் பருமன் புரியும்.

பாலத்தின் மேல் நடக்கலாமா? கட்டணம் உண்டா?

நடக்கக் காசு இல்லை. கிழக்குப் பக்க நடைபாதை, அதாவது நகரம் தெரியும் பக்கம், காலை 5 மணிக்குத் திறக்கும், குளிர்காலத்தில் மாலை ஆறரைக்கும் கோடையில் இரவு 9-க்கும் மூடும். முழு நீளம் 1.7 மைல், போய்வர மூன்றரை மைல் அளவு. குடும்பத்தோடு அவ்வளவும் வேண்டாம், முதல் கோபுரம் வரை போய்க் கையால் தொட்டுவிட்டுத் திரும்புங்கள். வண்டிச் சத்தம் பலமாக இருக்கும், பேசினால் கேட்காது. சைக்கிள்களும் சில நேரம் அதே பாதையில் வரும், சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். நடைபாதை லேசாக அதிர்வது இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை. பலமான மேல்காற்று அடித்தால் பாலம் முனகுவது போல ஒரு ஓசையும் கேட்கலாம், மேற்குப் பக்கக் கைப்பிடியில் மெல்லிய பட்டைகள் மாற்றிய பிறகு 2020-இலிருந்து வருகிறது அது.

கோல்டன் என்கிறார்கள், பாலம் ஏன் சிவப்பு?

கோல்டன் கேட் என்பது அடியில் ஓடும் நீரிணையின் பெயர், 1846-இல் ஜான் ஃப்ரீமாண்ட் வைத்தது. பாலத்தின் நிறம் ஆரஞ்சு கலந்த சிவப்பு. எஃகுத் துண்டுகள் வந்து இறங்கியபோது துருப்பிடிக்காமல் இருக்கப் பூசியிருந்த சிவப்பு முதல் பூச்சைப் பார்த்த கட்டடக் கலைஞர் இர்விங் மாரோ, இந்த மலைகளுக்கும் கடலுக்கும் இதுதான் பொருத்தம் என்று அதை ஒட்டிய நிறத்துக்காக வாதாடி வென்றார். கப்பல்களுக்குத் தெரிய வேண்டும் என்று கடற்படை கேட்டது கருப்பு மஞ்சள் பட்டை. நல்லவேளை.

பாலம் கட்டிய கதையில் பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது?

எண்களைக் கொஞ்சம், மனிதர்களை நிறைய. 1933 ஜனவரியில் வேலை தொடங்கி 1937 மே 27 அன்று நடப்பவர்களுக்கும் மறுநாள் வண்டிகளுக்கும் திறந்தார்கள். இரண்டு கோபுரங்களுக்கும் நடுவே 4,200 அடி, 1964 வரை உலகில் இதைவிட நீளமான தொங்கல் எந்தப் பாலத்துக்கும் இல்லை. கோபுரம் தண்ணீருக்கு மேல் 746 அடி. பெரிய வடம் ஒவ்வொன்றும் மூன்றடி விட்டம், அதற்குள் 27,572 கம்பிகள். இரண்டு வடங்களிலும் உள்ள கம்பியை நீட்டினால் 80,000 மைல், பூமியை மூன்று சுற்று சுற்றிவிடும். தெற்கு முனையில் வடத்தின் ஒரு துண்டை வெட்டி வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளை அதன் பக்கத்தில் நிற்க வைத்துப் பாருங்கள்.

ஆனால் நான் சொல்லச் சொல்வது வலையைப் பற்றி. பெரிய கட்டுமானம் என்றால் உயிர்கள் போகத்தான் செய்யும் என்று ஏற்றுக்கொண்டிருந்த காலம் அது. ஸ்ட்ராஸ் தொழிலாளர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கினார், 1,30,000 டாலர் செலவில் பாலத்துக்கு அடியில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வலை கட்டினார். விழுந்து அந்த வலையால் பிழைத்தவர்கள் 19 பேர். 1937 பிப்ரவரி 17 அன்று ஒரு சாரம் சரிந்து வலையையே கிழித்துக்கொண்டு விழுந்ததில் 10 பேர் இறந்தார்கள். மொத்தம் 11 உயிர்கள். நடந்து போகும்போது இவர்களை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம். இன்று கைப்பிடிக்குக் கீழே பக்கவாட்டில் தெரியும் எஃகு வலை வேறு, மனம் உடைந்து வருகிறவர்கள் குதித்து உயிரை விடாமல் காக்க 2024-இல் கட்டி முடித்தது.

சுங்கம் எங்கே கட்டுவது? ஆளே இல்லையே?

2013-இலிருந்து பணம் வாங்க ஆள் கிடையாது. நகரத்துக்குள் வரும் பக்கம், அதாவது தெற்கு நோக்கி வரும்போது மட்டும் சுங்கம், கேமரா எண் பலகையைப் படம் எடுத்துவிடும். ஃபாஸ்ட்ராக் என்ற மின்னணுச் சுங்கக் கணக்கு இருந்தால் அதிலிருந்து தானாகக் கழியும், தொகை பத்து டாலரை ஒட்டி இருக்கும், ஜூலை தோறும் ஏறுகிறது. வாடகைக் கார் என்றால் வண்டி எடுக்கும்போதே சுங்கத்துக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள், சிலர் சேவைக் கட்டணம் சேர்த்து வாங்குவார்கள்.

காரில் பைகளை விட்டுப் போகலாமா?

கூடாது. பாலத்தைச் சுற்றியுள்ள பார்வை இடங்களில் கண்ணாடியை உடைத்துப் பை எடுப்பது ஒரு நிமிட வேலை. பாஸ்போர்ட், நகை, லேப்டாப் எதுவும் அன்றைக்கு காரிலேயே இருக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வெறும் ஜாக்கெட்கூட வேண்டாம். டிக்கியில் வைக்க வேண்டியதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், போய்ச் சேர்ந்த இடத்தில் பலர் பார்க்க டிக்கியைத் திறந்து வைக்காதீர்கள்.

முன்பதிவு கிடைக்கவில்லை என்றால்?

பயணத்தை விட்டுவிட வேண்டாம். தெற்கே இருப்பவர்கள் சான்டா குரூஸ் பக்கம் ஃபெல்டனில் உள்ள ஹென்றி கவல் ரெட்வுட் பூங்காவுக்குப் போகலாம், பழைய மரங்களுக்கு நடுவே சமதளமான சின்னச் சுற்றுப்பாதை அங்கும் உண்டு, ஆனால் பாலம் எதிர்த்திசை என்பதால் அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாலமும் சேர்ந்தே வேண்டுமென்றால் இன்னும் வடக்கே கெர்ன்வில் ஊரில் ஆர்ம்ஸ்ட்ராங் ரெட்வுட் காடு இருக்கிறது, மியூர் வுட்ஸைவிட மரங்கள் உயரம், கூட்டம் குறைவு. போக நேரம் கூடும், அதனால் காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுங்கள், மதியச் சாப்பாட்டை அங்கேயே மரத்தடி மேசைகளில் முடித்துக்கொண்டு திரும்பினால் பாலத்தில் நடக்க மாலை வெளிச்சம் மிச்சமிருக்கும்.